ஊர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, தாய்மார்களே, பெரியவர்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயலாளர் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களின் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கல்.

இந்த ஆண்டின் பெரிய மாற்றம், நம் ஊராட்சியில் இப்போது தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினர்களும் இல்லை என்பதுதான். 2019 டிசம்பரில் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் வரும்வரை நிர்வாகம் தனி அலுவலர் கையில். குமரி மாவட்டத்தின் 95 கிராம ஊராட்சிகளுக்கும் இதே நிலைமைதான். பக்கத்துப் பேரூராட்சியில் மட்டும் கவுன்சிலர்கள் இருக்கிறார்களே என்று பலர் கேட்டார்கள். அங்கே தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். அதனால் அவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

முன்பெல்லாம் தெருவிளக்கு எரியவில்லை என்றால், வார்டு உறுப்பினரை டீக்கடையில் பார்த்துச் சொன்னால் போதும். இப்போது முடிவெடுப்பவர் தக்கலை ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறார். அவர் பொறுப்பில் நம் ஊராட்சி மட்டுமில்லை. அதனால் வாயால் சொல்லி வைப்பது இனி உதவாது. எழுதிக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள், அதன் நகலை வாசகசாலையில் உள்ள மனு நோட்டில் ஒட்டி வையுங்கள். ஜனவரிக்குப் பிறகு நமக்கு நடந்த வேலைகளைப் பார்த்தால், எழுத்தில் போனவைதான் நடந்திருக்கின்றன. 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணில் பதிவு செய்த புகார்களுக்கும் பதில் வந்திருக்கிறது. பதிவு எண்ணை மறக்காமல் குறித்து வைக்க வேண்டும்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. சென்ற ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி கூட்டம், தீபாவளியை ஒட்டி வந்ததால் நவம்பர் 23-க்குத் தள்ளிப் போனது. அந்தச் செய்தி நம்மில் பலருக்குத் தெரியாமலே போய்விட்டது. ஆகவே இனி தேதி மாறினால் சங்கத்தின் கரும்பலகையில் அன்றைக்கே எழுதிப் போடுவோம். தேர்ந்தெடுத்த ஆள் யாரும் இல்லாத இந்தக் காலத்தில், ஊர் ஒன்றாகக் கூடித் தீர்மானம் போடக் கிடைக்கும் ஒரே இடம் கிராம சபைதான். ஆண்கள் மட்டும் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுத் திரும்பும் கூட்டமாக அது இருக்கக் கூடாது. குடிநீர்க் குழாய்க்குக் காத்து நிற்பவர்கள் பெண்கள். எந்தத் தெருவில் எந்த நாளில் தண்ணீர் வருவதில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

குழாய் பதிக்கத் தோண்டிய மேற்குத் தெருச் சாலை இன்னும் சரியாக மூடப்படவில்லை. தோண்டியவர்கள் ஒரு பக்கம், மூட வேண்டியவர்கள் இன்னொரு பக்கம் என்று அலுவலகங்கள் நம்மை மாறி மாறி அனுப்புகின்றன. மழைக்குள் அந்தப் பள்ளம் மூடப்படாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள் அதில்தான் விழும். இந்த மனுவைச் சங்கம் விடப்போவதில்லை.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஜூனில், வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் என்று இரண்டு மழையும் நமக்கு வந்துவிடும். அணைகளை மூடிய பிறகு கிடைக்கும் மார்ச், ஏப்ரல், மே மாதங்கள்தான் குளத்திலும் சானலிலும் (பாசனக் கால்வாயிலும்) வேலை செய்யத் தோதான காலம். அதை விட்டால் ஒரு வருடம் போச்சு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதி கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்குத் திறக்கப்படும். கிளைச் சானலில் செடியும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தால், அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் நம்மைப் போன்ற கடைவரம்பு (சானலின் கடைசியில் உள்ள) வயலுக்கு வந்து சேராது. சென்ற மே மாதம் இளைஞர்கள் இறங்கி மடை வரைக்கும் சுத்தம் செய்தார்கள். அந்தப் போகத்தில் தண்ணீருக்காக வரப்பில் சண்டை நடக்கவில்லை. அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. இந்த ஆண்டு அதே வேலையை ஊராட்சியும் நீர்வளத் துறையும் செய்ய வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம்.

குளத்து வண்டல் மண் வேண்டிய விவசாயிகள் இப்போதே விண்ணப்பியுங்கள். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். இ-சேவை மையத்தில் பதியலாம், மண்ணுக்குக் கட்டணம் கிடையாது. நன்செய் என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90 கன மீட்டர். ஆனால் அரசு அறிவித்த பட்டியலில் உள்ள குளத்தில் மட்டும்தான் எடுக்கலாம். மண்ணை விற்கக் கூடாது. சென்ற முறை பலர் மழை தொடங்கிய பிறகுதான் ஓடினார்கள். குளம் நிறைந்துவிட்டது.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது தென்னையும் ரப்பரும் மின்கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மின்கம்பி மேல் சாய்ந்திருக்கும் மரத்தை நீங்களே வெட்டாதீர்கள், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள். மின்புகாருக்கு 94987 94987, பேரிடர் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. வீட்டின் மேல் சாயும் தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுங்கள். ஏத்தன் (நேந்திரன்) வாழைக்கு ஊன்றுகால் கொடுப்பதைக் குலை தள்ளும்வரை தள்ளிப் போட வேண்டாம்.

ரப்பர் வைத்திருப்பவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். பால் வெட்டாத நாட்களில் மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அந்தச் சிறிதளவு தண்ணீரிலேயே முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகி விடும். வாரம் ஒரு முறை வீட்டைச் சுற்றி டயர், பூத்தொட்டித் தட்டு, தொட்டி எல்லாவற்றையும் பார்த்தால் போதும். வெள்ளம் ஏறிய கிணற்றில் சுகாதாரத் துறை சொல்லும் அளவில் பிளீச்சிங் பவுடர் கலந்த பிறகே பயன்படுத்துங்கள். காலில் புண்ணோடு சேற்றுத் தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

இரவில் வண்டியில் குப்பை கொண்டு வந்து ஓடையோரம் கொட்டுவது கேரள எல்லைப் பகுதிகளில் தொடர்கிறது. பார்த்தால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்து உடனே காவல்துறைக்குச் சொல்லுங்கள். தனியாகப் போய் மறிக்க வேண்டாம்.

வீட்டுத்தீர்வை (வீட்டு வரி) இப்போது இணையவழியில்தான்; கணினி ரசீது தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். பிறப்பு, இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் கடந்துவிட்டால் கோட்டாட்சியர் ஆணை வரை அலைய வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்வதிலிருந்து எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றுதான் ஆதாரம். பெயரையும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள்.

விவசாயிகளுக்கான தனி அடையாள எண்ணுக்கு வேளாண்மைத் துறை முகாம் நடத்தியது. அதில் நம் ஊரில் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். காரணம், பட்டா இன்னும் தாத்தா பேரில் இருப்பது. பட்டா மாறுதலுக்கு வாரிசுச் சான்று, இறப்புச் சான்று எல்லாம் தேவைப்படும். விண்ணப்பம் எழுதித் தர சனிக்கிழமை மாலைகளில் வாசகசாலையில் சங்கத்தின் ஆள் இருப்பார்.

மே 1 கிராம சபைக்கு மூன்று தீர்மானங்கள் எழுதி வைத்திருக்கிறோம்: மேற்குத் தெருச் சாலை, கிளைச் சானல் தூர்வாருதல், குளக்கரைத் தெருவிளக்கு. மனுவில் இன்னும் கையெழுத்துப் போடாத வீட்டார் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் போட்டுவிட்டுப் போங்கள்.