மே மாதத்தில் வந்து வீடு பார்க்காதீர்கள்: ஓய்வூதியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உதகையில் மலர்க் கண்காட்சி முடிந்த கையோடு உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரங்கள் சுற்றத் தொடங்கிவிடும். குன்னூரில் காட்டேஜ், கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி மனை, மூத்த குடிமக்களுக்குத் தனிச் சலுகை. சில சங்கங்கள் வேன் பிடித்தே உறுப்பினர்களை அழைத்து வருகின்றன. பணிக்கொடையும், ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு ஈடாக மொத்தமாகக் கிடைக்கும் கம்யூட்டேஷன் தொகையும் வங்கியில் இருக்கும் நேரம். கீழே வெயில் கொளுத்தும் மாதம். மேலே இறங்கியதும் சிலுசிலுவென்று காற்று. அன்று மாலையே அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது.

நாங்கள் நீலகிரியில் வீடு கட்டும் வேலையிலும், பத்திரம் பார்ப்பதிலும், முதியோர் பராமரிப்பிலும் இருப்பவர்கள். மலைக்கு வராதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. மே மாதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வாங்குவதற்கு முன் ஒரு முழு ஆண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று உங்கள் உறுப்பினர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம். புரோக்கர் சொல்லமாட்டார். நாங்கள் சொன்னால் ஊர்க்காரர்களுக்குப் பொறாமை என்பார்கள்.

நீலகிரி என்பது ஒரே ஊர் இல்லை. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, கோத்தகிரி 1,800-ஐ ஒட்டி. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூரையும் உதகைக்கு மேற்கே உள்ள பகுதிகளையும் அடித்துப் பெய்யும். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா மறைப்பதால் அதன் கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அந்த மழை குறைவு. அவற்றுக்கு அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் சோதனை. 2009 நவம்பரில் அந்தப் பக்கம் நடந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உதகையில் உறைபனி. தலைக்குந்தா பக்கம் புல்வெளி காலையில் வெள்ளையாகக் கிடக்கும். எனவே ஜூனில் வாடகைக்கு வந்து அடுத்த மே வரை இருந்தால்தான் எல்லாவற்றையும் பார்த்ததாகும். அதற்கு மனம் இல்லாதவர்கள் நவம்பரில் ஒரு மாதம், ஜனவரியில் ஒரு மாதமாவது இருந்து பார்க்கட்டும்.

வீடு பார்க்கும்போது எல்லோரும் ஜன்னலைத் திறந்து பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வாசலுக்கும் தார் ரோட்டுக்கும் இடையில் உள்ள வழியை. குன்னூரில் நல்ல நல்ல வீடுகள் ரோட்டுக்குக் கீழே 40, 50 படி இறங்கித்தான் இருக்கின்றன. 62 வயதில் அது உடற்பயிற்சி. 75 வயதில் முட்டி தேய்ந்த பிறகு, ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும். மழைக்காலத்தில் படியில் பாசி பிடிக்கும். வழவழப்பான கல்லோ டைல்ஸோ போட்டிருந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாலும் சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். கொத்திய சொரசொரப்பான கருங்கல்லா, படி உயரம் 15 சென்டிமீட்டருக்குள் சீராக இருக்கிறதா, இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு அந்த வழியில் ரோடு வரை போக முடியுமா? திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தால் ஸ்ட்ரெச்சரும் இடிக்கும். 108 ஆம்புலன்ஸ் ரோட்டில்தான் நிற்கும்.

அங்கிருந்து மருத்துவமனை. இதில் எங்களுக்குச் சமாதானம் கிடையாது. நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்தது பெரிய மாற்றம். ஆனாலும் இதய அடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி, சிக்கலான மூளை அறுவை என்றால் இங்குள்ள பலரும் போவது கோவைக்குத்தான். குன்னூரிலிருந்து கோவை சுமார் 70 கிலோமீட்டர், உதகையிலிருந்து 88. தடையில்லாத நாளில் இரண்டரை, மூன்று மணி நேரம். சீசனில், அல்லது பர்லியார் பக்கம் மரம் விழுந்த நாளில், கணக்கே சொல்ல முடியாது. மாரடைப்பு வந்தவருக்கு 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்காது என்றால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அருகிலேயே போட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா?" என்பதன்று. "இரவு 2 மணிக்குப் போனால் இ.சி.ஜி. எடுத்து அந்த ஊசி போட ஆள் உண்டா?" என்பதுதான். ரத்தக் கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு அப்படிப்பட்ட ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஸ்கேன் கருவி இருக்கும் கட்டடமும், அதை இரவில் இயக்கும் ஆளும் வேறு வேறு விஷயங்கள் என்பதை மறக்க வேண்டாம். முன்னாள் ராணுவத்தினருக்கு வெலிங்டன் ராணுவ மருத்துவமனை இருக்கிறது. அவர்கள் குன்னூரைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் உண்டு. மற்றவர்கள் தங்கள் காப்பீட்டுத் திட்டத்தின் மருத்துவமனைப் பட்டியலில் மலை மேல் எது இருக்கிறது என்று முதலில் பார்க்கட்டும்.

உயரம் எல்லோருக்கும் கெடுதல் இல்லை. உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைச் சதவீதமாகக் காட்டும் ஆக்சிமீட்டர் சென்னையில் 97, 98 காட்டுபவருக்கு இங்கே 94, 95 காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சமவெளியிலேயே 92-ல் இருப்பவர்கள், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயலிழப்பு, கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் தங்கள் நுரையீரல் மருத்துவரிடமும் இதய மருத்துவரிடமும் உயரத்தை எண்ணாகச் சொல்லிக் கேட்க வேண்டும். "மலைக்குப் போகலாமா?" என்று கேட்டால், "நல்ல காற்று, போங்க" என்ற பதில்தான் வரும். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும்; முதல் குளிர்காலத்தில் மாத்திரை அளவை மாற்ற வேண்டி வரலாம். வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு கணக்கு: காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஏ.ஹெச். இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று அதை மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டும். காற்று மழையில் கம்பி மேல் மரம் விழுந்தால் கரண்ட் வர ஒரு நாள் முழுக்க ஆகலாம். 1,500 லிட்டர் கொள்ளும் பி டைப் சிலிண்டர் ஒன்று, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரம் வரும். இரண்டு சிலிண்டர் கையிருப்பு இல்லாமல் அப்படிப்பட்டவர் மலையில் மழைக்காலத்தைக் கழிக்கக் கூடாது.

குளிருக்கு வருவோம். சாப்பாட்டில் மாற்றம் உடனே தெரியும்: இட்லி மாவு ஒரு ராத்திரியில் புளிக்காது, உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. இதெல்லாம் பழகிவிடும். பழகக் கூடாதது கரி அடுப்பு. இரும்புச் சட்டியில் கரியை மூட்டி, புகை அடங்கியதும் "இப்போ பரவாயில்லை" என்று படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துகிறார்கள். புகை இல்லாத அந்தக் கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். நிறமில்லை, வாடையில்லை, தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். மலை ஊர்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கேஸ் கீசரும் அப்படித்தான்: கருவியும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் இருக்க வேண்டும். மின் ஹீட்டர் பாதுகாப்பு; ஆனால் 2,000 வாட் ஹீட்டர் தினமும் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 600 யூனிட். 500-ஐத் தாண்டினாலே கட்டணப் படிநிலை மாறி, கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் போய்விடும். பழைய பங்களாக்களின் உயரமான கூரை போட்டோவுக்கு அழகு. வயதானவர்களுக்கு, தாழ்ந்த கூரையும் தெற்கு அல்லது கிழக்கு வெயில் விழும் படுக்கையறையும்தான் அழகு.

ஈரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பட்டுப்புடவை, தோல் செருப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றிலும் பூஞ்சை படரும். காது கேட்கும் கருவியைச் சிலிக்கா ஜெல் டப்பாவில்தான் இரவில் வைக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பா மூடியைத் திறந்தபடி விட்டால் அளவு தவறாகக் காட்டும்.

தண்ணீர், மழை கொட்டும் ஊரில் பஞ்சமா என்று கேட்பார்கள். குன்னூருக்கு ரேலியா அணை, உதகைக்குப் பார்சன்ஸ்வேலி என்று ஆதாரங்கள் இருந்தும், கோடையில் பல தெருக்களுக்கு நாள் கணக்கில் இடைவெளி விட்டுத்தான் குழாயில் தண்ணீர் வரும். ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம். மாவட்டத்தில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆளுக்கு 135 லிட்டர் என்றால் இருவருக்குப் பத்து நாளைக்கு 2,700 லிட்டர். 3,000 லிட்டர் தொட்டிக்கு இடம் இருக்கிறதா, நிரம்பிய தொட்டியின் 3 டன் எடையை அந்தச் சரிவு தாங்குமா என்று சேர்த்துக் கேளுங்கள்.

சரிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். நீலகிரியில் கெட்டிப் பாறைக்கு மேலே ஆழமான செம்மண் கிடக்கிறது. அந்த மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும்; அதனால்தான் மே மாதத்தில் எல்லா மனையும் கல் போலத் தெரிகிறது. தண்ணீர் உள்ளே இறங்கியதும் எடை கூடிப் பிடிமானம் விட்டுவிடும். மனையைச் சமன் செய்ய மலைப் பக்கம் வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி, பாதி வீட்டை வெட்டிய தரையிலும் பாதியைக் கொட்டிய மண்ணிலும் கட்டுகிறார்கள். கொட்டிய பக்கம் இரண்டு மூன்று மழைக்குள் அமுங்கும். கூடத்தின் நடுவில் தரையிலிருந்து சுவர் வரை ஒரே கோடாக விரிசல் ஓடினால் காரணம் அதுதான். பூசி மறைத்தால் அடுத்த ஆண்டும் வரும். தடுப்புச் சுவரில் 75 முதல் 100 மில்லிமீட்டர் குழாய்த் துளைகள் சுமார் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக இருக்க வேண்டும், அவற்றின் பின்னால் ஜல்லி நிரப்பியிருக்க வேண்டும். மழை நாளில் போய்ப் பார்த்தால் உண்மை தெரியும்: துளைகளில் தெளிந்த தண்ணீர் வடிந்தால் நல்லது, கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது, ஒன்றுமே வராமல் சுவர் வயிறு தள்ளி நின்றால், அந்த வீட்டை விட்டுவிடுங்கள். செப்டிக் டேங்க் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் சுவருக்கு மேலேயே மண்ணில் இறங்கும்படி விட்டிருந்தால், எவ்வளவு நல்ல சுவரும் நிற்காது. வெட்டிய மண்முகம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது வீடு தள்ளி இருக்க வேண்டும் என்பது எங்கள் குறைந்தபட்ச அளவுகோல்.

பத்திரத்தில் 30 ஆண்டு வில்லங்கச் சான்று போதும் என்று நினைக்காதீர்கள். பட்டா, நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடு, எல்லையைக் காட்டும் புல வரைபடம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். தேயிலைத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும் இடமா, வீடு கட்ட அனுமதி உண்டா, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமமான ஹாகாவின் அனுமதி தேவைப்படும் கிராமமா என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடலூர் பக்கம், ஜன்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களிடம் இருந்த ஜன்ம நிலங்களின் சிக்கல் 1969 சட்டத்திலிருந்து தொடர்கிறது. மசினகுடி பக்கம் சீகூர் யானை வழித்தடத்தை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கெல்லாம் விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தனியார் மனையில் நிற்கும் மரத்தை வெட்டவும் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஜேசிபி இறக்கவும் அனுமதி வேண்டும். "நாங்க பார்த்துக்கறோம் சார்" என்பவர், சீல் வைக்க அதிகாரிகள் வரும் நாளில் போனை எடுக்கமாட்டார்.

ஓய்வூதிய வேலைகளில் ஒன்று: மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு வாழ்நாள் சான்று மாதம் நவம்பர், அதாவது ரோடு அடைபடும் மாதம். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். குளிரில் வறண்ட விரலில் ரேகை பதியாது. வாழ்நாள் சான்றை மொபைலிலேயே கொடுக்க உதவும் ஜீவன் பிரமான் முக அடையாளச் செயலியை மொபைலில் முன்கூட்டியே போட்டுப் பழகிக்கொள்ளட்டும். பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்குக் காரில் வர இ-பாஸ் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது.

கடைசியாக, தம்பதியாகக் கேட்டுக்கொள்ளச் சங்கடப்படும் கேள்வி. இருவரில் ஒருவர் மட்டும் இருக்கும் நாளில் இந்த வீட்டில் யார் இருப்பார்? கார் ஓட்டத் தெரிந்தவர் அவர்தானா? சீசன் முடிந்ததும் பக்கத்து காட்டேஜ்கள் பூட்டிக் கிடக்கும், ஐந்தரை மணிக்கு மேல் தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் நடமாடும். பஸ் நிறுத்தத்துக்கும் மருந்துக் கடைக்கும் நடக்கும் தூரத்தில், அக்கம்பக்கத்தில் ஆண்டு முழுவதும் குடியிருக்கும் குடும்பங்கள் உள்ள தெருவில் ஒரு சின்ன வீடுதான் அந்த நாளுக்கு ஆகும். அரை ஏக்கர் எஸ்டேட் பங்களா ஆகாது. வாங்கிய வீட்டை விற்பதும் இங்கே சுலபமில்லை. வாங்குபவர்களும் மே மாதத்தில்தான் வருகிறார்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. மனை விளம்பரங்களைச் சங்கத்தின் பெயரில் அனுப்புவதை நிறுத்துங்கள். வேன் பயணத்தை மேயிலிருந்து நவம்பர் இரண்டாம் வாரத்துக்கு மாற்றுங்கள். குடையும் ரப்பர் அடி உள்ள ஷூவும் எடுத்து வரச் சொல்லுங்கள். மலை ரயிலில் டிக்கெட் போட வேண்டாம், தண்டவாளத்தில் மண் விழுந்தால் அது ஓடாது. வேன் இல்லையென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வாருங்கள்.

இப்படிக்கு,
நீலகிரியில் குடியிருக்கும் சிலர்