மாணிக்கம் கழுவிய மணலை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக மண்ணில் தோரியம் என்ற கதிர்வீசும் உலோகம் உண்டு என்ற பேச்சு எழும்போதெல்லாம் தேயிலை குடிக்கலாமா, பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீர் நல்லதா என்ற கேள்விகளே முன்னுக்கு வருகின்றன. கவனம் போக வேண்டிய இடம் வேறு. மாணிக்கக்கல் கழுவிய பின் கூடையின் அடியில் மிஞ்சும் பாரமான மணலையும், அது சாந்தோடு சேர்ந்து வீட்டுச் சுவருக்குள் போவதையும் பற்றியே இக்கடிதம்.

தோரியம் இந்நாட்டுக்குப் புதியதல்ல. தோரியனைட் என்ற கனிமமே 1904இல், ஆனந்த குமாரசுவாமி கனிமவள ஆய்வுக்குத் தலைமை வகித்த காலத்தில், சபரகமுவவின் மாணிக்கப் படிவுகளிலிருந்துதான் உலகுக்கு அறிமுகமானது. பாறையிலும் மண்ணிலும் பரவிக் கிடக்கும் தோரியம் தண்ணீரில் எளிதில் கரையாது. களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும். வேர் வழியாக மிகச் சொற்பமே ஏறும். தேயிலைக் கொழுந்தில் உள்ள கதிரியக்கத்தில் பெரும்பங்கு பொட்டாசியம் 40இனுடையது. அது வாழைப்பழத்திலும் உண்டு.

கூடை மணலின் கதை வேறு. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் சாதாரண குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65, தோரியம் அடங்கிய மொனசைட் என்ற கனிமத்தின் அடர்த்தி ஏறக்குறைய 5. கழுவக் கழுவ இலேசானது போய்விடும். மொனசைட், சேர்க்கோன், இல்மனைட் போன்ற பாரமான கனிமங்கள் அடியில் திரளும். இயற்கை ஆயிரம் கூடையில் பரப்பி வைத்ததை நாம் ஒரே கூடையில் சேர்த்துவிடுகிறோம். அதை ஆற்றோரம் கொட்டினால் தொலைதூரம் போகாது. அடுத்த வளைவில், நீரோட்டம் தளரும் இடத்தில் படியும். கட்டட மணல் அள்ளுவதும் அதே வளைவில்தான்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண மண்ணில் கிலோவுக்கு 30 பெக்கரல் (விநாடிக்கு ஓர் அணு சிதைவது ஒரு பெக்கரல்) அளவில் தோரியம் 232 இருக்கும். நூற்றுக்கு 5 பங்கு தோரியம் உள்ள மொனசைட்டில் அது கிலோவுக்குச் சுமார் 200,000 பெக்கரல். 1,000 கிலோ மணலில் ஒரேயொரு கிலோ மொனசைட் கலந்தாலும் கிலோவுக்கு 200 பெக்கரல் கூடிவிடும். கொங்கிறீற், கல் போன்று மொத்தமாகப் பயன்படும் கட்டடப் பொருளுக்கு ஐரோப்பாவில் ஒரு சூத்திரம் உண்டு: ஒரு கிலோவிலுள்ள ரேடியத்தின் (யுரேனியம் சிதைந்து உண்டாவது) பெக்கரலை 300ஆலும், தோரியத்தை 200ஆலும், பொட்டாசியத்தை 3,000ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும், 1ஐத் தாண்டினால் அந்தப் பொருளை மேலும் ஆராய வேண்டும். மேற்சொன்ன ஒரு கிலோவே தனியாக அந்த 1ஐ எட்டிவிடுகிறது.

சுவர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் தோரோன் என்ற கதிர்வீசும் வாயு. யுரேனியத்திலிருந்து வரும் ரேடோன் வாயுவின் அரைவாழ்வு (பாதி சிதைந்துபோக எடுக்கும் நேரம்) 3.8 நாள், அது தரை வெடிப்புகள் வழியே மெதுவாக வீட்டுக்குள் வர அவகாசம் உண்டு. தோரியத்திலிருந்து வரும் தோரோனின் அரைவாழ்வு 56 விநாடிதான். ஆழமான மண்ணில் பிறந்தால் மேலே வருமுன் அழிந்துவிடும். சாந்தின் மேற்பரப்பில், ஓரிரு சென்ரிமீற்றருக்குள் பிறந்தால் நேரே அறைக்குள் வந்துவிடும். அது சிதைந்து உண்டாகும் ஈயம் 212இன் அரைவாழ்வு 10.6 மணி. இது தூசியிலும் அடுப்புப் புகையிலும் ஒட்டிக்கொண்டு நுரையீரலுக்குப் போகும். குளிருக்கு ஜன்னலை அடைத்து, உள்ளேயே விறகெரிக்கும் லயன் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) இது எவ்வளவு நேரம் சுற்றும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜன்னலைத் திறந்தால் தோரோன் பெரிதாகக் குறையாது, அதன் ஆயுளே அவ்வளவுதான். ஆனால் ஈயம் 212 வெளியேறும். பயன் அங்கேதான். ஏற்கெனவே ஐயமுள்ள மணலால் பூசிய சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போதாது, அது நுண்துளை உள்ளது. இடைவெளியின்றி இரண்டு கோட் எமல்ஷனோ எண்ணெய்ப் பெயின்றோ அடித்தால் வாயு படலத்தைக் கடக்குமுன் சிதைந்துவிடும். கட்டிலைச் சுவரிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளிப் போடுவதற்குச் செலவே இல்லை.

மணலைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட். வலுவான காந்தத்தில் ஒட்டும், கதிர்வீச்சு மிகச் சொற்பம். தேன்நிற மணிகள்தான் மொனசைட்டாக இருக்கக்கூடும். கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவி இருந்தால் முதலில் மணல் இல்லாமல் வெறுமனே பத்து நிமிடம் எண்ண வேண்டும். பிறகு ஒரு கிலோ மணலுக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே பிடித்துப் பத்து நிமிடம். இரண்டு அளவையும் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும். கொழும்பில் எடுத்த எண்ணிக்கையை நுவரெலியாவோடு ஒப்பிடுவது தவறு, உயரத்தோடு விண்கதிரும் கூடும். இரு மடங்கு காட்டினால் அந்த மணலை ஒதுக்கி, எந்தக் கதிரியக்கப் பொருள் எவ்வளவு என்று காட்டும் காமா நிறமாலை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். மாதிரியை உலர்த்தி, சலித்து, காற்றுப் புகாமல் நான்கு வாரம் அடைத்து வைத்த பின்பே அளக்க வேண்டும். அவசரப்பட்டால் ரேடோன் கசிந்து, ரேடியத்தின் அளவு குறைவாகக் காட்டும். வீட்டுக் காற்றை அளப்பதற்கு ரேடோனையும் தோரோனையும் பிரித்துக் காட்டும் கருவியே வேண்டும். அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டினால் கணக்கு பிழையாகும்.

மாணிக்கம் தேடுவோர் கூடை மணலை உலரவிட்டுப் பொறுக்கக்கூடாது, தூசி கிளம்பும். ஈரமாகவே பார்க்க வேண்டும். மிச்சத்தை அகழ்ந்த குழியின் அடியிலேயே போட்டு, மேலே குறைந்தது அரை மீற்றர் மண்ணால் மூட வேண்டும். தேசிய மாணிக்கக்கல் மற்றும் தங்காபரண அதிகார சபை இதை உரிமப் பத்திரத்தின் நிபந்தனையாகவே எழுதலாம்.

தோட்டங்களில் புதிய வீடுகள் கட்டும்போது மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் பார்க்கிறது. அதே கோப்பில் மணலுக்கு ஒரு பக்கம் சேர்க்க வேண்டும்: எந்த ஆறு, எந்த வளைவு, ஆற்றின் மேற்பகுதியில் மாணிக்க அகழ்வு உண்டா, கைகர் எண்ணிக்கை எவ்வளவு. லொறியிலிருந்து மணலை இறக்குமுன் இதைச் செய்ய அரை மணி நேரம் போதும். பூசிய பின் கண்டுபிடித்தால் சுவரைக் கொத்தி எடுக்க வேண்டியிருக்கும், அந்தத் தூசியையும் வீட்டிலுள்ளவர்களே சுவாசிப்பார்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகர் ஒருவர்