சனிக்கிழமை மாதிரி விசாரணை: இந்த முறை குறுக்கு விசாரணை

நண்பர்களே, வணக்கம். நம் மாதிரி நீதிமன்றப் பயிற்சிக்குச் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கூடுகிறோம்.

போன முறை முதல் விசாரணையிலேயே, அதாவது நம் தரப்புச் சாட்சியை நாமே விசாரிக்கும்போதே, பலர் லீடிங் கேள்வி (பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது) கேட்டுவிட்டீர்கள். "அப்போது கடையில்தானே இருந்தீர்கள்?" என்று கேட்காமல், "அப்போது எங்கே இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். நடந்ததைச் சாட்சிதான் சொல்ல வேண்டும், வக்கீல் அல்ல.

சரி, குறுக்கு விசாரணைக்கு, அதாவது எதிர்த்தரப்புச் சாட்சியை நாம் விசாரிப்பதற்கு, வருவோம். பாரதிய சாட்சிய அதினியம், 2023 (இந்தியாவின் சாட்சியச் சட்டம்), பிரிவு 148-ஐப் படித்துவிட்டு வாருங்கள். சாட்சி போலீசிடம் சொன்னதும் கூண்டில் சொல்வதும் முரண்பட்டால், போலீஸ் எழுதிவைத்த வாக்குமூலத்தின் அந்தப் பகுதியை முதலில் சாட்சிக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். அதன் பிறகுதான் முரண்பாட்டை நிரூபிக்கலாம். இதைக் கைப்பழக்கமாகும் வரை திரும்பத் திரும்பச் செய்து பார்ப்போம்.

சாட்சியாக நடிப்பவர்களும் வாக்குமூலத்தை நன்றாகப் படித்து வாருங்கள். எதிர்பாராத பதில் வந்தால்தான் கேட்பவர் கற்றுக்கொள்வார். அப்புறம், போன முறை பேசாதவர்களுக்கே முதல் வாய்ப்பு. வியாழன் இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.