பொம்மைக்கு முன்பணம்: பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும், தமிழில் எங்களுக்காக எழுதியும் பேசியும் வருகிற உங்கள் அலுவலர்களுக்கும் வணக்கம்.

தலைப்பைப் பார்த்ததுமே உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். காலஞ்சென்ற ஹாஜி எஸ்.எம். முகமது இத்ரிஸ் வளர்த்தெடுத்த சங்கம் உங்களுடையது. சீனியைக் குறை, சிகரெட்டை விடு, தேவை எது ஆசை எது என்று பிரித்துப் பார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் இடம். ஜப்பானிய அனிமே பாத்திரங்களின் பொம்மைக்கு ஓராண்டு முன்பாகவே பணம் கட்டுகிறவர்களின் குறையை அங்கே கொண்டுவந்தால், "யார் உங்களைக் கட்டச் சொன்னது?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். என் அம்மா கேட்பதும் அதுதான். "வருஷம் பூராவும் கொலு வைக்கப் போறியா?" என்று கூடுதலாக ஒரு குத்தும் உண்டு.

இருக்கட்டும். ஆசைக்கு வாங்கினாலும் ரசீது ரசீதுதான், ஏமாற்றம் ஏமாற்றம்தான். அரிசி வாங்குகிறவருக்கு ஒரு சட்டமும் பொம்மை வாங்குகிறவருக்கு வேறொரு சட்டமும் இந்த நாட்டில் இல்லை.

இந்தப் பொம்மைகளை வாங்குகிறவர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்ற எண்ணம் பெரியவர்களிடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், தாதிகள், பட்டர்வொர்த்திலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்கு வருகிறவர்கள். மலாய் பேசும் டோரேமோனைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள். கார் தவணை போக, வீட்டுக்குக் கொடுத்தது போக, மிச்சத்தில் ஒரு தொகையை இதற்கென்று எடுத்து வைக்கிறார்கள். அந்த மிச்சம் பெரிய தொகை இல்லை. ஆனால் பொம்மையின் விலை பெரிதாகிவிட்டது. ஜப்பானின் குட் ஸ்மைல் நிறுவனம் செய்கிற நெண்டோராய்டு வகைப் பொம்மை, பெரிய தலையும் சின்ன உடம்புமாக ஏறக்குறைய 10 செண்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். 2010 வாக்கில் 3,000 யென்னை ஒட்டி விற்றது இன்று 6,000, 7,000 யென். ஆளின் உயரத்தில் ஏழில் ஒரு பங்காகச் செய்கிற 'ஸ்கேல்' உருவங்கள் 20,000 யென்னைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன.

பொருள் தயாராவதற்கு முன்பே பேரைக் கொடுத்து வைக்கிற இந்த 'பிரீ-ஆர்டர்' என்ற ஏற்பாடு ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பிளாஸ்டிக் வார்க்கும் வேலையில் இருப்பவன், அதனால் அந்த நியாயம் எனக்குப் புரியும். ஒரு பொம்மையில் முடி தனி, முகம் தனி, பாவாடை மடிப்பு தனி. ஒவ்வொன்றுக்கும் எஃகில் அச்சு வெட்ட வேண்டும். பத்துப் பொம்மை வார்த்தாலும் பத்தாயிரம் வார்த்தாலும் அச்சின் செலவு ஒன்றே. எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரியாமல் எந்த நிறுவனமும் அதில் கை வைக்காது. ஆகவே வண்ணம் பூசிய மாதிரியைப் படம் பிடித்துப் போட்டு, ஒன்றிரண்டு மாதம் ஆர்டர் எடுத்து, கணக்குப் பார்த்து, அதன் பிறகு பெரும்பாலும் சீனாவிலுள்ள தொழிற்சாலைகளில் உற்பத்திக்குக் கொடுக்கிறார்கள். கண்ணையும் இமையையும் பதிப்பது, நிழல் வண்ணம் தெளிப்பது என்று கைவேலையும் நிறைய உண்டு. ஆறு மாதம், ஓராண்டு ஆகத்தான் செய்யும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நிறுவனங்களுக்கும் இந்தக் காத்திருப்பின் வலி தெரியும். 2019-இல் அதே குட் ஸ்மைல் 'பாப் அப் பரேட்' என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. 17, 18 செண்டிமீட்டர் உயரம், தொடக்கத்தில் 3,900 யென் விலை, ஆர்டர் திறந்த நான்கு மாதத்துக்குள் கைக்கு வரும் என்ற வாக்கு. விலையையும் காத்திருப்பையும் ஒன்றாகக் குறைத்தால் ஆள் சேரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கோளாறு இந்தப் பக்கத்தில், நம் ஊர்க் கடைக்கும் நமக்கும் நடுவில் இருக்கிறது. ஜப்பானிலுள்ள அமிஅமி போன்ற பெரிய இணையக் கடையில் நான் பிரீ-ஆர்டர் செய்தால், பொருள் அவர்கள் கிடங்குக்கு வந்த பிறகுதான் பணம் கேட்கிறார்கள். அதுவரை என் பணம் என் கணக்கில்தான். சும்மா சும்மா ரத்து செய்கிறவரை அவர்கள் விரும்புவதில்லை, அது நியாயமே. இங்கே அப்படியில்லை. முன்பணம் இல்லாமல் பேரை எழுதிக்கொள்வதே அபூர்வம். சிலர் பத்து விழுக்காடு கேட்கிறார்கள், சிலர் பாதி கேட்கிறார்கள், "முழுசாகக் கட்டினால் தள்ளுபடி" என்று ஆசை காட்டுகிறவர்களும் உண்டு. முன்பணம் திருப்பித் தரப்படாது என்ற வரி மட்டும் எல்லா இடத்திலும் மாறாமல் இருக்கிறது. பொருள் வரும் மாதம் தள்ளிப்போனாலும், மறுபடி தள்ளிப்போனாலும், அந்த வரி அசைவதில்லை.

நம் வீடுகளில் கூட்டு, அதாவது சீட்டு, கட்டுவது உங்களுக்குத் தெரியாததல்ல. 1971-ஆம் ஆண்டுச் சட்டமே அதைத் தடை செய்திருக்கிறது, ஆனாலும் தெருவுக்குத் தெரு நடக்கிறது. அதிலாவது பத்துப் பேர் கட்டினால் அந்தப் பணம் மாதாமாதம் யாரோ ஒருவர் கைக்குப் போகும், யார் கைக்குப் போனது என்பதும் எல்லாருக்கும் தெரியும். பொம்மைக் கடையில் கட்டுகிற முன்பணம் எங்கே போகிறது? ஜப்பானிய நிறுவனத்துக்கா, நடுவிலுள்ள விநியோகஸ்தருக்கா, கடை வாடகைக்கா? கட்டியவனுக்குச் சொல்ல ஆளில்லை. வட்டியில்லாத கடன் ஒன்றைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, அது கடன் என்பதே தெரியாமல் இருக்கிறோம்.

இதில் நாணய மாற்று வேறு. 2022 தொடக்கத்தில் 100 யென் 3.60 ரிங்கிட் அளவில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் 3.20 ரிங்கிட்டை ஒட்டி இறங்கிவிட்டது. 20,000 யென் பொம்மைக்கு ஜனவரியில் விலை பேசியவர் 720 ரிங்கிட் கணக்கில் ஒத்துக்கொண்டிருப்பார். பொம்மை கப்பலேறும் நேரத்தில் அது 640 ரிங்கிட் பொருள். நடுவிலுள்ள 80 ரிங்கிட் யாருக்கு? கட்டியவருக்கு இல்லை என்பது மட்டும் உறுதி. 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 161 யென் வரை போய், 1986-க்குப் பிறகு காணாத சரிவைக் கண்டது யென். ரிங்கிட்டும் அந்தக் காலத்தில் நோஞ்சானாகத்தான் இருந்தது, அப்படியும் 100 யென் 3 ரிங்கிட்டுக்குக் கீழே வந்தது. யென் ஏறினால் மட்டும் கடையிலிருந்து குறுஞ்செய்தி வரும்: "விலை சற்று மாறியுள்ளது, மீதித் தொகையோடு சேர்த்துக் கட்டவும்."

முன்பு இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. பிரீ-ஆர்டரைத் தவறவிட்டால் அந்தப் பொம்மை போனது போனதுதான், பிறகு இரட்டை விலை. இன்று அந்த அச்சம் பெரும்பாலும் காலாவதியாகிவிட்டது. விற்பனை சூடாக இருக்கும் பாத்திரங்களின் பொம்மைகளை நிறுவனங்களே மறுபடி வார்த்து விடுகின்றன. அச்சு ஏற்கெனவே இருக்கிறது, விட மனம் வருமா? மறுவெளியீடு என்று அறிவிப்பு வந்த மறுநாளே பதுக்கி வைத்தவர்கள் விலையை இறக்குவதைப் பார்க்க ஒரு குரூர சந்தோஷம் உண்டு, மறைக்க மாட்டேன். அதுபோக, ஜப்பானிலிருந்து பழைய பொம்மைகள் பெட்டியின் நிலை, பொம்மையின் நிலை என்று தரம் பிரிக்கப்பட்டு வருகின்றன. அங்கே விளையாட்டு நிலையங்களில் கொக்கி இயந்திரத்துக்குப் பரிசாகச் செய்கிற பொம்மைகள் நம் பேரங்காடிகளில் 100 ரிங்கிட்டை ஒட்டிக் கிடைக்கின்றன. பத்தாண்டுக்கு முன்பிருந்த பரிசுப் பொம்மையை நினைத்து இவற்றை ஒதுக்க வேண்டாம், முகத்தின் வேலை இப்போது மிக நன்றாக இருக்கிறது.

ஆகவே பிரீ-ஆர்டர் இன்னும் செய்யத் தக்கதா என்று கேட்டால், என் பதில்: சிலவற்றுக்கு மட்டும். யாரும் கண்டுகொள்ளாத பழைய தொடரின் துணைப் பாத்திரம், சிறிய நிறுவனம், ஆர்டர் எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூடச் செய்ய மாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்ட பொருள். இவற்றுக்குப் பேரைக் கொடுத்து வைப்பதில் அர்த்தம் உண்டு, அதுவும் பொருள் வந்த பின் பணம் வாங்கும் இடமாக இருந்தால். மற்றதெல்லாம் கடையில் வந்து இறங்கட்டும், கண்ணால் பார்த்து வாங்கலாம். ஜப்பானிலிருந்து நேரே வரவழைப்பதிலும் செலவு இருக்கிறது. அஞ்சல் கட்டணம் லேசானதல்ல. 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத, இணையத்தில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சில நேரம் உள்ளூர்க் கடையே மலிவு. உள்ளூர்க் கடைகள் பிழைக்க வேண்டும் என்பதும் என் ஆசை.

அந்த ஆசைக்கு விழுந்த அடியைச் சொல்கிறேன். என் அத்தை மகன் ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் பல பொம்மைகளுக்கு முன்பணம் கட்டி வைத்திருந்தான். ஒவ்வொன்றாகத் தேதி தள்ளிப்போனது. தொழிற்சாலை தாமதம் என்றார்கள், நம்பும்படியாகவே இருந்தது, ஏனென்றால் உண்மையான தாமதங்களும் நடந்துகொண்டுதான் இருந்தன. இந்தத் தொழிலின் ஆபத்தே அதில்தான் இருக்கிறது: நேர்மையான கடையின் தாமதமும் மூழ்கப்போகிற கடையின் தாமதமும் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு நாள் கதவு இழுத்து மூடியிருந்தது. வாட்ஸ்அப் குழுவும் கலைக்கப்பட்டிருந்தது. கடையின் பதிவு எண்கூட அவனிடம் இல்லை, ரசீதில் ரப்பர் முத்திரை மட்டும்தான்.

காவல் நிலையத்துக்குப் போக அவனுக்கு வெட்கம். "பொம்மைக்கா இவ்வளவு கட்டினே?" என்று கேட்பார்களே என்று. கடைக்காரருக்கு அந்த வெட்கம்தான் காவல். இந்த மடலை உங்களுக்கு எழுதுவதற்கு அதுதான் காரணம்.

சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, குறிப்பிட்ட காலத்தில் பொருளைக் கொடுக்க முடியும் என்று நம்ப நியாயமான காரணம் இல்லாதபோது பணம் வாங்குவதைத் தடை செய்கிறது. இணைய வணிகத்துக்கான 2012-ஆம் ஆண்டு விதிகள், விற்பவர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை, பொருள் வந்துசேரும் உத்தேசக் காலம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்று கட்டளையிட்டன. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரிக்கை வைக்கலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம். எங்கள் கூட்டத்தில் இதைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தெரிந்தவர்களும் 150 ரிங்கிட் முன்பணத்துக்காக ஒரு நாள் விடுப்பு எடுக்கத் தயங்குகிறார்கள். விடுப்பின் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்?

ஆகவே நான் கேட்பது இதுதான். நீங்கள் உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கு எழுதும்போது, முன்பணத்துக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்று கேளுங்கள். உடற்பயிற்சி நிலையம், வகுப்பு போன்ற வருங்காலச் சேவைகளுக்குக் கட்டியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ள அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அது சேவைக்கு மட்டும். பொருளுக்கு ஓராண்டு முன்னதாகக் காசு வாங்குகிற வியாபாரம் இப்போது பொம்மையில் மட்டுமா நடக்கிறது? காலணி, கைப்பேசி, தீபாவளிச் சேலை வரை வந்துவிட்டது. சொன்ன மாதத்தில் பொருள் வரவில்லை என்றால், கேட்பவருக்கு முன்பணத்தைத் திருப்பித் தரும் விதி ஒன்று போதும், பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நேர்மையான கடைக்கு இதில் நட்டமில்லை, அந்தப் பொம்மையை வேறொருவர் வாங்கிக்கொள்வார்.

இன்னொன்று, சிறியது. முன்பணம் கட்டுமுன் எதையெதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் போடுங்கள். பதிவு எண், வரும் மாதம், யென் ஏறினால் இறங்கினால் என்ன, கடை மூடினால் யார் பொறுப்பு. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதைப் படிக்கிறவர்கள்தாம் நாங்கள், ஆனால் காசு விவகாரம் வீட்டில் பேசப்படுவது தமிழில். என் அத்தை அதைப் படித்திருந்தால் மகனை அப்போதே கேட்டிருப்பார், அவன் என்னிடம் மறைத்ததுபோல் அவரிடம் மறைத்திருக்க முடியாது.

பி.வி.சி. பிளாஸ்டிக்கைப் பற்றியும், நம் வெயிலில் அடைத்து வைத்த பெட்டிக்குள் பொம்மை பிசுபிசுத்துப் போவதைப் பற்றியும் நீங்கள் என்னைத் திட்ட நினைத்தால் தாராளமாகத் திட்டலாம், அதில் எனக்குச் சொல்ல மறுமொழி குறைவு. அதற்கு முன் இந்தப் பணத்தின் கதையைக் கேளுங்கள். ஜாலான் மஸ்ஜிட் நெகிரி அலுவலகத்தில் தமிழில் புகார் எடுத்துக்கொள்ளும் நாளையும் நேரத்தையும் அறிவியுங்கள். ரப்பர் முத்திரை ரசீதுகளும் வாட்ஸ்அப் படங்களுமாக நாங்கள் வருகிறோம். அத்தை மகனையும் கூட்டி வருவேன், வர ஒப்புக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பயனீட்டாளர்