கடலூர் 607001: பகா எண்தான், தம்பி

மஞ்சக்குப்பத்துத் தம்பிக்கு,

கடலூரின் அஞ்சல் குறியீடு 607001 பகு எண் என்று எழுதியிருந்தாய். இல்லை, அது பகா எண். வகுத்துப் பார்க்கும் உன் வழிமுறையில் பிழையில்லை, தசமப் புள்ளிதான் உன்னை ஏமாற்றிவிட்டது.

எக்செல் தாளில் இரண்டு தசம இடம் மட்டும் வைத்துக்கொண்டு 541-ஆல் வகுத்தால் 1122.00 என்று காட்டும். உண்மையான விடை 1121.99815. பெருக்கிப் பார்: 541 × 1122 = 607002. ஒன்று கூடிவிடுகிறது. 607-ஆல் வகுத்தாலும் 1000.00 என்றே தெரியும், மீதி 1 ஒளிந்துகொள்ளும். அதனால் ஈவை நம்பாதே, மீதியைப் பார். எக்செலில் ‘மாட்’ (MOD) சார்பு மீதியை மட்டும் தரும்.

எதுவரை வகுக்க வேண்டும்? பகு எண்ணாக இருந்தால் வர்க்கமூலத்துக்குள்ளேயே ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும். 779² = 606841, 780² = 608400. ஆக 779-ஐத் தாண்ட வேண்டாம். அதற்குள் கடைசிப் பகா எண் 773. 2 முதல் எண்ணினால் மொத்தம் 137. கையால் செய்தால் ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போய்விடும். ஆனால் பாதிக்கு மேல் கழித்துவிட ஓர் அழகான வழி இருக்கிறது:

607001 = 701² + 340²

701-க்கும் 340-க்கும் பொதுக் காரணி கிடையாது. நான்கால் வகுத்தால் மீதி 3 வரும் பகா எண் (7, 11, 19, 23 போல) இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையை வகுத்தால், அந்த இரண்டு எண்களையுமே தனித்தனியாக வகுத்தாக வேண்டும். இங்கே அது நடக்காது. ஆகவே அந்த வகை எல்லாவற்றையும் அடித்துவிடலாம். 2-ம் போய்விடும். மிஞ்சுவது 66 தான். ஒவ்வொன்றாக வகுத்துப் பார், எதிலும் மீதி பூச்சியம் வராது.

701, 340 எப்படிக் கிடைத்தன என்று கேட்பாய். 607001-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1. ஒற்றைப்படை வர்க்கத்துக்கும் மீதி 1 என்பதால் இரட்டை எண் 4-இன் மடங்காக இருக்க வேண்டும். 5-ஆல் வகுத்துப் பார்த்தால் அதன் கடைசி இலக்கம் 0, 4, 6 மூன்றில் ஒன்று. 3-இன் மடங்காகவும் இருக்கக்கூடாது. 4, 16, 20, 40, 44 என்று வரிசையாக அவற்றின் வர்க்கத்தை 607001-இலிருந்து கழித்துப் போனால் 340-இல் 491401 மிஞ்சும். அது 701-இன் வர்க்கம்.

இப்படிப் பிரிந்துவிட்டதாலேயே பகா எண் என்று முடிவுகட்டிவிடாதே. 65 = 8² + 1², அதுவே 7² + 4². 65 பகு எண். 4-ஆல் வகுத்து மீதி 1 வரும் பகா எண் ஒவ்வொன்றும் இரு வர்க்கங்களாக ஒரே ஒரு விதத்தில்தான் பிரியும். இதை 1640 டிசம்பர் 25 அன்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில் கணித மேதை பெர்மா சொன்னார். நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர், நூறு வருஷத்துக்கு மேல் கழித்து.

புதுச்சேரியின் 605001-க்கு இவ்வளவு பாடு வேண்டாம். இலக்கங்களைக் கூட்டினால் 12, உடனே 3 × 201667. அந்த 201667 பகா எண். 3 ஒரே தடவை காரணியாக வருவதால் 605001 எந்த இரு வர்க்கங்களாகவும் பிரியாது. 201667-ஐ நீயே சரிபார்க்கும்போது 443-இல் நிறுத்திவிடாதே. 449² = 201601, அதனால் 449-ஆலும் வகுத்தாக வேண்டும். மீதி 66 வரும்.