வண்டியை முந்தின இரவே விடச் சொல்வது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். “செக் எஞ்சின் லைட் எரியுது, ஸ்கேனரை மாட்டிப் பத்து நிமிஷத்துல சொல்லிட மாட்டீங்களா?” என்று பலர் கேட்கிறீர்கள். காற்று உறிஞ்சும் பக்கத்தில் கோளாறு என்று சந்தேகம் வந்தால், முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறோம். அதனால் உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று தெரியும். ஏன் கேட்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பல வண்டிகளில் ஏர் ஃபில்டரை ஒட்டியிருக்கும் சென்சார் காற்றை அளக்கும். கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோல் விடும். சென்சாரைத் தாண்டிய பிறகு ஹோஸிலோ மேனிஃபோல்ட் (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்) கேஸ்கட்டிலோ விரிசல் இருந்தால், அதன் வழியாக நுழையும் காற்று கணக்கில் சேராது, அதற்கேற்ற பெட்ரோலும் வராது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, வண்டி குலுங்கும், சில சமயம் நின்றே போகும். ஆனால் ரேஸ் கொடுத்து ஓட்டினால் ஒன்றுமே தெரியாது. 1.5 லிட்டர் எஞ்சின் ஐடிலில் நொடிக்கு இரண்டு மூன்று கிராம் காற்றுதான் இழுக்கும். முழு ஆக்ஸிலரேட்டரில், நிமிடத்துக்கு 6000 சுற்றில், எழுபது கிராமைத் தாண்டும். ஒரு சிறு ஓட்டை முதலாவதில் பெரிய பங்கு, இரண்டாவதில் தூசு.

ஸ்கேனரில் நாங்கள் முதலில் பார்ப்பதும் இந்த வித்தியாசத்தைத்தான். கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கிறது என்பதை ஃப்யூவல் ட்ரிம் என்பார்கள். ஐடிலில் அது 20 சதவீதம் கூட்டி, 2500 சுற்றில் 5க்கு இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. வேகமும் சுமையும் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் காற்று சென்சாரில் அழுக்கு, அல்லது பெட்ரோல் பம்பில் அழுத்தம் குறைவு. காற்றின் எடையை அளக்காமல் மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் வண்டிகளில் கதை வேறு: கசிவு இருந்தால் பெரும்பாலும் ஐடில் ஏறி நிற்கும்.

ஒரு கார் எங்களுக்குப் பெரிய பாடம். வேறொரு இடத்தில் ஆக்ஸிஜன் சென்சாரை (சைலன்சர் குழாயில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்ப்பது) மாற்றியும் ஸ்கேனரில் அதே பி0171 என்ற கோளாறு எண், அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை. பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. காற்று சென்சாரைச் சுத்தம் செய்தோம், பலனில்லை. த்ராட்டிலுக்கு (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வு) போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் மேலே பார்க்கப் புதுசு போலவே இருந்தது. கழற்றித் திருப்பி, கட்டைவிரலால் ஒவ்வொரு மடிப்பாக விரித்துக்கொண்டே வந்தபோது, அடிப்பக்கத்து மூன்றாவது மடிப்பில் ஒரு கோடு வாய் பிளந்தது. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டது. எஞ்சின் அசையும்போது மட்டும் திறக்கும் விரிசல் அது. அன்றிலிருந்து புகை டெஸ்ட் செய்யாமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்வதில்லை. மெல்லிய அழுத்தத்தில் புகையை உள்ளே விட்டால், கசியும் இடத்தில் நூல் போல எழும். ஓடும் எஞ்சின்மீது கார்புரேட்டர் க்ளீனர் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். நாங்கள் செய்வதில்லை, நீங்களும் வீட்டில் செய்ய வேண்டாம்.

இரவு விஷயத்துக்கு வருகிறேன். ரப்பரும் கேஸ்கட்டும் குளிரில் சுருங்கி, சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். காலையில் மட்டும் தடுமாறி, கொஞ்ச தூரம் ஓடினதும் சரியாகிவிடும் வண்டியை மதியம் ஓட்டி வந்தால் எங்கள் கண்ணில் எதுவுமே படாது. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும்.

டர்போ டீசலில் நிலைமை தலைகீழ். டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும், அதனால் அதற்கு அப்புறம் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே நுழையாது, வெளியே பீறிடும். இழுவை குறையும், ஏற்றத்தில் கரும்புகை வரும், சீழ்க்கைச் சத்தம்கூடக் கேட்கலாம். நிறுத்தி வைத்துப் பார்த்தால் ஹோஸ் ஒழுங்காகத்தான் இருக்கும். அழுத்தம் ஏற்றி டெஸ்ட் செய்தால்தான் தெரியும். இணைப்பில் புதிதாக எண்ணெய்க் கசிவு இருந்தால் அங்கிருந்து தொடங்குவோம்.

இன்னொன்று, என் மனசுக்கு மிகவும் உறுத்தலான விஷயம். ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காராமல் விட்டால் கோளாறு எண்ணும் வராது, லைட்டும் எரியாது. தூசி மட்டும் நேராகப் போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். ஃபில்டரைத் தாண்டிய குழாயை உள்ளே வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் உடனே கொண்டு வாருங்கள்.

பிரேக் மிதி திடீரென்று கட்டை போல இறுகி, கூடவே ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் பூஸ்டருக்கு (பிரேக்கை லேசாக மிதிக்க உதவுவது) போகும் வாக்யூம் ஹோஸில் கசிவு இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டி வர வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள்.

வருவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றி லைட்டை அணைத்துவிடாதீர்கள். பல வண்டிகளில் ட்ரிம் கணக்கும் கோளாறு வந்த நேரத்துப் பதிவும் அதோடு அழிந்துவிடும். கோளாறு காலையிலா, ஏசி போட்டாலா, ஏற்றத்திலா என்று ஒரு தாளில் குறித்து, வண்டிச் சாவியோடு கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டறை