திண்ணை வீடுகளுக்கும் பணம் ஒதுக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 'மேரி' என்று சொல்லும் நகர மன்றக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குப் பழைய மேரிதான் ஞாபகம் வருகிறது. பிரெஞ்சுக்காரர்கள் கட்டி 140 வருடத்துக்கு மேல் நின்ற கட்டடம். பழுதாகிக் கிடந்தபோது கவனிக்காமல் விட்டு, 2014 நவம்பர் மழையில் மொத்தமாக இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்ட 15 கோடி ரூபாய் ஆனது. 2021-இல் திறந்தார்கள். கட்டியது நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒழுகும் கூரையை ஒழுகத் தொடங்கியபோதே அடைத்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்ற கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

மேரியாவது அரசுக் கட்டடம், பணம் வந்தது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் உள்ள திண்ணை வீடுகளுக்கு யார் கொடுப்பார்கள்? தெருவைப் பார்த்த தாழ்வாரம், மரத்தூண், உள்ளே முற்றம், மாடியில் மட்டும் பிரெஞ்சுச் சாயல். இப்படி ஒரு வீட்டில்தான் நான் பிறந்தேன். மெட்ராஸ் டெரஸ் தளம் (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மாடித் தளம்) ஒழுகியபோது அவசரத்துக்கு சிமெண்ட் போட்டுப் பூசினோம். இரண்டே மழையில் சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பிடித்து வைக்கும் என்று பிறகுதான் ஒரு வயதான கொத்தனார் சொன்னார். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்புக் காரை அரைத்து அவர்தான் சரிசெய்தார். செலவுக் கணக்கைப் பார்த்தால் பாதிக்கு மேல் கூலி. கொத்தனார், ஆசாரி, சித்தாள் எல்லாரும் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். புதுக் கட்டடம் கட்டினால் பெரும்பணம் கம்பிக்கும் சிமெண்டுக்கும் போய்விடும். பழுது பார்த்தால் அது நம் ஊர் கைகளுக்கு வரும். அரசு இதைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

இது நடக்காத காரியமும் அல்ல. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வைசியாள் வீதியில் (கலவை சுப்பராய செட்டியார் வீதி என்றும் சொல்வார்கள்) செய்து காட்டினார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு முன்னின்று நடத்தியது. வீட்டு முகப்பைச் சீர்செய்யும் செலவில் ஒரு பங்கைத் திட்டம் ஏற்றது, மறு பங்கை வீட்டுக்காரர்கள் போட்டார்கள். 2008-இல் அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. ஒரு வீதியோடு நிறுத்திவிட்டோமே என்பதுதான் என் ஆதங்கம்.

"ஆஸ்பத்திரிக்கே பணம் பற்றாதபோது தனியார் வீட்டுக்கு அரசுப் பணமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடல் மரக்காணத்திலும் இருக்கிறது, கடலூரிலும் இருக்கிறது. சனிக்கிழமை காலை பேருந்து பேருந்தாகச் சனம் வந்து இறங்குவது இங்கே. நம் தெருக்களில் நடக்கத்தான் வருகிறார்கள். தங்கும் விடுதி, வாடகை ஸ்கூட்டர், ஆட்டோ, டிபன் கடை, பூக்காரம்மா வரை அந்தத் தெருக்களால் பிழைக்கிறார்கள். அரசுக்கும் வரி வருகிறது. அந்த முகப்பைக் காப்பாற்றும் செலவை மட்டும் வீட்டுக்காரர் தனியாகச் சுமக்கிறார். அண்ணன் தம்பி நான்கு பேருக்குப் பாகமான வீட்டில் யார் எடுத்துப் போடுவார்கள்? கடைசியில் கட்டடக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். திண்ணை இருந்த இடத்தில் கார் நிறுத்த ஷட்டர் வருகிறது. எங்கள் தெருவிலேயே இப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சும்மா தரச் சொல்லவில்லை. செலவில் பாதியை அரசு தரட்டும், வேலை நடக்க நடக்கத் தவணையாகத் தரட்டும். வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்கு வீட்டை இடிக்கக்கூடாது, இடித்தால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆகிவிட்டார்கள். அவர்களிடம் இளைஞர்கள் உதவித்தொகையோடு தொழில் பழக வழி செய்யட்டும். அப்புறம், பெரிய வீடுகளுக்கே எல்லாம் போய்விடாமல் சின்ன ஓட்டு வீடுகளுக்கும் ஒரு பகுதி ஒதுக்க வேண்டும்.

அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கென்று தனியாக ஒரு தொகை வேண்டும். முதல் வருடம் ஒரே ஒரு வீதிக்குக் கொடுத்தாலும் போதும். மழைக்கு முன்னால் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுச்சேரி